வினாடிக்கு ஐம்பது

கொரடாச்சேரிக்கு மேற்கே, வெட்டாற்றங்கரையில்,
லாரி வராத ஒன்பதாம் இரவு.
நாலாயிரத்துச் சொச்சம் சிப்பம்
தார்ப்பாய்க்குள் வேர்த்துக்கொண்டிருக்கிறது.
கொள்முதல் நிலையத்தின் ஒற்றை டியூப்லைட்டின் கீழ்
பருவகாலப் பட்டியல் எழுத்தனாகிய நான்
உள்ளங்கை அகலத் திரையில்
குட்டி விமானம் ஒன்றைப் பறக்கவைக்கப் பார்க்கிறேன்.
அது விக்குகிறது.

கும்பகோணத்தில் வாங்கிய கருவி.
கடைக்காரர் சொன்னது: பத்தாயிரம் கேம் சார்.
சொல்லாதது: ஒன்றும் சீராக ஓடாது.
விமானம் நகரும், நிற்கும்,
நின்ற இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி முளைக்கும்.
குண்டு வெடித்து முடிந்த பிறகு வெடிச்சத்தம்,
அதுவும் பொரி வறுக்கிற மாதிரி.

ஒலித் தாமதத்தைக் கூட்டினேன்,
அறுபத்து நாலிலிருந்து தொண்ணூற்றாறுக்கு.
வறுபடுவது நின்றது. விக்கல் நிற்கவில்லை.
கோர் மாற்றினேன். ஒரே ஆட்டத்தை
மூன்று விதமாக நடித்துக்காட்ட
மூன்று பேர் இருக்கிறார்கள் உள்ளே.
முதலாமவன் துல்லியம், நத்தை.
மூன்றாமவன் பறப்பான், மேகம் வரையமாட்டான்.
நடுவிலிருப்பவனை வைத்துக்கொண்டேன்,
எல்லா அலுவலகத்திலும் செய்வதைப் போல.

செயலிக்கு ஒரு கவர்னர் உண்டென்று அன்றுதான் தெரியும்.
'சிக்கனம்' என்று உட்கார்ந்திருந்தார்.
'முழுவேகம்' ஆக்கினேன்.
ஈர நெல் குவியலுக்குள் கைவிட்டால் சுடுமே,
அப்படிச் சுட்டது கருவி.

"ஓடுதாண்ணே?" என்றான்
சாக்கின்மேல் படுத்திருந்த அமிர்தகடேசன்.
அவனுக்கும் ஒன்பது நாளாகத் தூக்க மூட்டையில்லை.

கடைசியில் கிடைத்தது அந்த வரி: ஃப்ரேம் ஸ்கிப்.
ஒன்று என வைத்தால்
ஒன்றுவிட்டு ஒரு படத்தைக் கணக்கிடும்,
காட்டாது.
வழுக்கிக்கொண்டு போயிற்று விமானம்.
மூலையில் 'அறுபது' என்றது எண், கூசாமல்.

எனக்குப் புதிய வித்தையல்ல.
பதின்மூன்று மழை, பதினான்கு லாரியில்லை,
பதினைந்து சாக்கில்லை.
நான் மேலே அனுப்பும் அறிக்கையில்
பன்னிரண்டுக்கு அடுத்தது பதினாறு.
கொள்முதல் சீராக நடைபெறுகிறது.

இரண்டு மணிக்குத் தமயந்தி வந்தாள்.
எடைபோடாத குவியல்களில் அறுபத்தொரு சிப்பம் அவளுடையது,
நிலம் வேறொருவருடையது.
ஈரமானியைக் கேட்டாள். கொடுத்தேன்.
ஒரு பிடி: பதினெட்டு புள்ளி ஆறு.
அடியிலிருந்து இன்னொரு பிடி: பத்தொன்பது.
"பதினேழு காட்டுறாப்புல
இதுல செட்டிங் ஏதும் இருக்கா?"
சிரிக்கவில்லை அவள்.
என் மடியில் கிடந்த திரையைப் பார்த்தாள்.
"அது நல்லா ஓடுதே."

அவள் போனதும் ஸ்கிப்பைப் பூஜ்ஜியமாக்கினேன்.
விக்கட்டும்.
விக்கும்போதே பார்த்தேன், சீரான விக்கல்,
ஐந்து படத்துக்கு ஒருமுறை. பழுதென்றால்
இத்தனை ஒழுங்காக இருக்காது.
கோப்பின் பெயரைக் கடைசிவரை படித்தேன்.
வேறொரு கண்டத்துத் தொலைக்காட்சிக்கென்று செய்த பதிப்பு,
வினாடிக்கு ஐம்பது படம்தான் அதன் பிறவி.
அறுபது கேட்கும் திரைக்காக
இல்லாத பத்தை எங்கிருந்தோ
கடன்வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது பாவம்.

திரையை ஐம்பதுக்கு இறக்கினேன்.
தலைக்குமேல் எரிகிற டியூப்லைட்டுக்கு வருகிற
மின்சாரமும் அதே ஐம்பதுதான்.
மெதுவாக, ஒரு படமும் விடாமல்,
மேகங்களோடு பறந்தது.
இரண்டாம் கட்டத்தில் செத்துப்போனேன்.

பேரேட்டைத் திறந்து, பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும்
நடுவில் இருந்த கோட்டின்மேல்
இடம் போதாமல் நுணுக்கி எழுதினேன்:
13. மழை.
அடுத்த வரிக்குள் பேட்டரி நாலு சதவீதம் என்று கூவியது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி கியர் மாற்றுகிறது.
அமிர்தகடேசன் எழுந்து துண்டை உதறினான்.
பாலத்தில் இப்பக்கம் திரும்பினால் நமக்கு,
நேரே போனால் நீடாமங்கலத்துக்கு.